விருந்தாளியின் பெயர்

மட்டாஞ்சேரி மிளகு வியாபாரி நைனா முகம்மதுவைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் கடை மாடியில் தங்கிப் போன ஒருவனுக்கு, வடக்கே வெடித்த குண்டோடு சம்பந்தமாம். இடம் கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு என்றது புதிதாக வந்திருந்த தடா சட்டம்.

அவன் பெயர் என்ன என்று கேட்டார்கள். நைனாவுக்குத் தெரியாது. வழிப்போக்கனுக்குச் சோறும் பாயும் கொடுப்பது அவர் வாப்பா காலத்து வழக்கம். அவனாகச் சொன்னாலொழியப் பெயர் கேட்கக் கூடாது. கேட்டால் ஆள் பார்த்துப் போடுகிற சோறாகிவிடும். இதை எந்த அதிகாரி நம்புவார்?

மனைவி பத்ருன்னிசா முதலில் ஓடியது உள்ளூர் ஸ்டேஷனுக்கு. சப் இன்ஸ்பெக்டர் விஸ்வேஸ்வரன் பாலக்காட்டுக்காரர். நைனா கடையில் சாயா குடிக்காத நாளில்லை.

"கேட்டேளா, முன்னைப்போலன்னா நானே அவரை ஆத்துல கொண்டு விட்டிருப்பேன். இப்போ இதுக்குன்னு களமசேரியில தனிப் பிரிவு வெச்சாச்சு. கேஸ் அங்கே போயாச்சு. நான் போனா என்னையே உள்ள விடமாட்டா."

ஜாமீன் கிடைப்பது கஷ்டம் என்றார் வக்கீல். வந்தவன் பெயரைச் சொன்னால் நைனாவைச் சாட்சியாக்கி விட்டுவிடுவார்களாம்.

பஸ்ஸில் திரும்பும்போதே பத்ருன்னிசா முடிவெடுத்தாள். அவர்களுக்கு வேண்டியது ஒரு பெயர், அவ்வளவுதானே. மறுநாள் களமசேரிக்குப் போய், வந்தவன் ஜாபர் சாதிக் என்றாள். எந்த இடம் என்றார்கள். வாயில் வந்த பள்ளுருத்தியைச் சொன்னாள். அப்படி யாரையும் அவளுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் சொன்னாள்.

கணவரைப் பார்க்க விட்டார்கள். நைனாவின் கன்னம் வீங்கியிருந்தது. அவள் சொன்னதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பள்ளுருத்தியில அந்தப் பேருக்கு ஆள் இல்லாமலா இருக்கும், பத்ரு?"

இருந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். சாயங்காலமே பிடித்துவிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் பத்ருன்னிசா மறுபடி களமசேரிக்கு ஓடினாள். தான் சொன்னது பொய், அந்த ஆளை விட்டுவிடுங்கள் என்று அழுதாள். அதிகாரி கோபப்படவில்லை. தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார்.

"அவன் கூட்டம் உங்களை மிரட்டியிருக்கு. மனசிலாயி. பயப்பட வேண்டா, வீட்டுக்குக் காவல் போடறோம்."

நைனாவைப் பற்றிக் கேட்டாள். ஜாபரைக் கண்டதே இல்லை என்று அவர் பிடிவாதமாகச் சொல்கிறாராம். உண்மையை மறைக்கிறவரை எப்படிச் சாட்சியாக்குவது என்றார் அதிகாரி.

வெளியே வராந்தா பெஞ்சில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பத்ருன்னிசாவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"இருங்க இத்தா. என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டறார். யாரோ அவர் பேரைச் சொல்லிட்டாங்களாம். உங்க ஆளை எதுக்குப் பிடிச்சிருக்காங்க?"

பத்ருன்னிசா உட்கார்ந்தாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கதவு திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.