சூடம் அணைத்த கை

புல்லும் முளையாத வழுக்கைப் பாறையாய் எழுந்து நிற்கும் மலைக்கோட்டையின் பின்னே மாலைக் கதிரவன் இறங்கத் தொடங்க, அப்பாறையின் நிழல், திண்டுக்கல் நகரின் ஓட்டுக்கூரைகளையும் மாடிகளில் காயும் துணிகளையும் பூக்காரிகளின் கூடைகளையும் ஒவ்வொன்றாய்த் தொட்டு, உறங்கும் குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடும் கையைப்போல ஓசையின்றிக் கிழக்கே நீண்டது. சிறுமலையின் முகட்டில் முகில் ஒன்று தங்கி நின்றது. எரியோட்டுச் சமவெளியின் புழுதியைச் சுமந்து வந்த பேருந்திலிருந்து, தூக்குச்சட்டி ஒன்றை மடியோடு அணைத்தவளாய் ராமுத்தாய் இறங்கினாள்.

சட்டியில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தன. வெள்ளிதோறும் அது தங்கை கௌசல்யாவுக்கென வரும்; வெள்ளிதோறும் தொடப்படாமலே திரும்பும். மனநோயிலிருந்து மீண்டுவரும் பெண்கள் நால்வர் வாடகைக்கு எடுத்து, தாமே ஆக்கி உண்டு, பூக்கட்டிப் பிழைக்கும் வீட்டில் கௌசல்யாவும் ஒருத்தியாய் இருந்தாள். காலையில் அவர்கள் வாசல் தெளிக்கத் தாமதித்தால் எதிர்வீட்டு ஜெய்தூன் பீவி வந்து கதவைத் தட்டிவிடுவாள். கௌசல்யா தன் மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்து விழுங்கப் பழகியிருந்தாள்.

அவர்களுக்குத் துணையாய் நாள்தோறும் வந்துபோகும் சகாயசெல்வி, ராமுத்தாயைப் பாயில் அமர்த்தினாள். ஒருத்தியைப் பற்றிய பேச்சு அவள் காதுபடவே நடக்கவேண்டும் என்பது அவ்வீட்டின் வழக்கமாதலால், கௌசல்யாவும் எதிரே அமர்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இவ எல்லாத்துலயும் தேறிட்டா. உங்க சோத்தை மட்டும் தொட மாட்டேங்குறா. மருந்து கலந்திருக்குன்னு இன்னமும் சொல்றா. நாளைக்கு டாக்டர்ட்ட இதைச் சொன்னா மாத்திரையைக் கூட்டிருவாரு."

"கூட்டுனா கை நடுங்கும் சகாயம்," என்றாள் கௌசல்யா, தலை நிமிராமல். "அப்புறம் நீதான் வந்து பூக்கட்டணும். நீ கட்டுனா ஒருத்தியும் வாங்க மாட்டா."

சகாயசெல்வி சிரித்தாள். ராமுத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

படிப்பவரே, அவள் நெஞ்சினுள் அப்போது எரிந்தது ஒரு சிறு சூடத்தின் சுடர். தந்தை இறந்த ஆண்டில், ஆளில்லா மூலைகளிலிருந்து எழுந்த குரல்களுக்கு விடை சொல்லத் தொடங்கிய கௌசல்யா, மருந்து என்றாலே வாயை இறுக மூடிக்கொண்டாள். வேறு வழி அறியாத ராமுத்தாய் மாத்திரைகளைப் பொடித்துக் குழம்பில் கரைத்தாள். "கசக்குதுக்கா, என்னத்தையோ கலந்திருக்கே," என்று தங்கை தட்டைத் தள்ளியபோது, வாசற்படியில் சூடம் ஏற்றி, குலதெய்வத்தின் பெயர் சொல்லி, ஒன்றும் கலக்கவில்லை என்று உள்ளங்கையால் அச்சுடரை அடித்து அணைத்தாள். சூடம் அணைத்தவள் பொய் சொல்லமாட்டாள் என்று நம்பிய கௌசல்யா உண்டாள்; உண்டு, கசந்து, உறங்கி, விழித்து, மெல்ல மெல்லத் தன் நாவையே நம்பாதவள் ஆனாள். மருத்துவரிடமோ, "சோத்துல மருந்து இருக்குங்குறா, அதுவும் இவ நோவுதான்," என்று ராமுத்தாயே சொல்லிவைத்தாள். குரல்களை மருந்து அடக்கிற்று. கசக்கிறது என்ற நாவை அடக்கியது அவள்.

சொல்லிவிட்டால், எஞ்சியிருக்கும் இந்த ஒரு தங்கையும் தன் முகத்தில் விழிக்கமாட்டாள். சொல்லாவிட்டால், நூலுக்குள் மொட்டு மொட்டாய் வைத்து முடிந்து செல்லும் அந்த விரல்கள் மீண்டும் நடுங்கும். ராமுத்தாய் அவ்விரல்களையே பார்த்திருந்தாள்.

"அவ சொல்றது நெசந்தான்," என்றாள். "முன்ன நான் கலந்தேன். இப்பக் கலக்கலை. அப்பக் கலந்தேன்."

முடிச்சு பாதியில் நின்றது.

"சூடம் அணைச்சியே."

"அணைச்சேன்."

"கை சுட்டுச்சா?"

"இல்லடி. சுட்டிருந்தா நல்லாருந்திருக்கும்."

கௌசல்யா பூப்பந்தைக் கூடையில் வைத்தாள். "எனக்கு நாக்கு கசக்குது, நீ சூடம் அணைக்கிறே. ரெண்டுல எதை நம்புவேன்? அப்ப நாக்கைத்தான் விட்டேன். இங்க வந்துதான் அதைத் திரும்ப நம்புறேன்," என்றவள் எழுந்து அடுக்களைக்குள் போனாள்.

சகாயசெல்வி குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள்: "நாளைக்கு டாக்டர்ட்ட இதை நீங்களே வந்து சொல்றீங்களா?"

"வாரேன்."

கௌசல்யா ஒரு குவளையில் ஆவி பறக்கும் ரசத்தோடு திரும்பி வந்தாள். "இந்தா. நான் வச்சது."

இரு கையாலும் வாங்கிய ராமுத்தாய், உதடு படுமுன், இமைப்பொழுது, தன்னையும் அறியாமல் குவளையின் அடியை உற்றுப் பார்த்தாள். அதைக் கௌசல்யா கண்டுவிட்டாள்.

"மிளகுதான்க்கா. குடி."

குடித்தாள். எழுந்தபோது தூக்குச்சட்டியைத் தயங்கித் தொட்டாள். "இதை..."

"எடுத்துட்டுப் போ. அடுத்த வெள்ளிக்குக் கத்தரிக்காயாக் கொண்டா. இங்கனயே என் கண்ணு முன்னால ஆக்கு. அப்பவும் திம்பேனான்னு தெரியாது."

இருள் கவிந்த சமவெளியினூடே எரியோடு நோக்கிப் பேருந்து சென்றது. மடியில் சட்டி அதே கனத்தோடு இருந்தது. மன்னிப்பு என்ற சொல்லை அவ்வீட்டில் யாரும் உரைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. நோயுற்றவளைக் காத்ததாய் இத்தனை ஆண்டுகள் எண்ணியிருந்தவள், அவள் சொன்ன ஒரு மெய்யைக் காக்கத் தவறியதை எண்ணியவளாய், வழியோர விளக்குகள் வந்து வந்து மறையும் வெளிச்சத்தில், வடுவொன்றும் இல்லாத தன் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள்.