பழைய முதலாளியின் இரண்டு வாய்

வெங்கடகிருஷ்ணனுக்கு ஒரு குணம். வேலையை விட்டுப் போகிறவர் எல்லாரும் அவருக்குத் துரோகிகள். பெங்களூரே வேலை மாறிக்கொண்டிருந்த 2003இல் இப்படி ஒரு குணத்தை வைத்துக்கொண்டு மனுஷன் எத்தனை பேரோடு மல்லுக்கட்டுவார்! அல்சூரில் அவர் நடத்திய டிராவல்ஸில், கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டிகளுக்கு ரூட் போட்டவள் சுனிதா. வைட்ஃபீல்டில் ஒரு பெரிய கம்பெனியில் அதே வேலைக்கு இடம் கிடைத்து அவள் கிளம்பிவிட்டாள். அந்தக் கம்பெனி மேனேஜர் ரமா அவளைப் பற்றி விசாரிக்கப் போன் செய்தபோது, "டிரைவருங்ககிட்ட கமிஷன் வாங்கறவ மேடம்" என்று நாக்கூசாமல் ஒரு போடு போட்டார் வெங்கடகிருஷ்ணன்.

ரமா அதை மறைக்காமல் சுனிதாவிடமே சொல்லிவிட்டார். வேலை ஆர்டர் நின்றது. டிரைவர்களிடம் ஓசி டீகூடக் குடிக்காதவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. நேரே காக்ஸ் டவுனுக்கு, வக்கீல் தியோடரிடம் போனாள்.

"அந்தாள உள்ள தள்ளணும் அங்கிள்."

"மானநஷ்டத்துக்கு சிவில் கேஸும் போடலாம்மா, கிரிமினல் கேஸும் போடலாம். நெசம்னு நம்பி நல்லெண்ணத்துல சொல்லியிருந்தா சட்டம் வுட்டுடும். பொய்னு தெரிஞ்சே சொன்னா மாட்டுவான். ஆனா அவன் சொன்னத காதால கேட்டது யாரு?"

"ரமா மேடம்."

"அந்தம்மா கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லுமா? வேலைக்கி சேர்றதுக்கு முன்னயே மேனேஜர கூண்டுல ஏத்தினா, உனக்கு வேலை குடுப்பாங்களா?"

தியோடர் மேசை மேல் இருந்த காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார்.

"கேஸ் முடியறதுக்குள்ள உனக்கு பேரன் பொறந்துடுவான். மொதல்ல ஒரு நோட்டீஸ் வுடுவோம். சொன்ன பொய்ய அவங்ககிட்டயே வாபஸ் வாங்கு, இல்லன்னா கோர்ட்டுல பாப்போம்னு. பாதிப் பேருக்கு அதுவே போதும்."

வெங்கடகிருஷ்ணன் அந்தப் பாதியில் சேர்த்தி. நோட்டீஸைப் பார்த்ததுமே பயந்துவிட்டார். பயந்தவன் அளவோடு நிறுத்துவானா? ரமாவுக்குத் தானே போன் போட்டு, கமிஷன் பேச்செல்லாம் தன் வாய்க்கொழுப்பு என்றார். சுனிதா தங்கம் என்றார், தெய்வம் என்றார். அவள் இருந்த காலத்தில் எந்த மழையிலும் ஒரு வண்டிகூட லேட்டானதில்லை என்று அடித்துச் சொன்னார்.

ரமாவுக்குச் சந்தேகம் இரட்டிப்பானது. சுனிதாவை வரச்சொன்னார்.

"அன்னிக்கு திருடின்னார். இன்னிக்கு தெய்வம்ங்கறார். நான் எதை நம்பறது, நீங்களே சொல்லுங்க."

தெய்வமாகவே இருந்துவிட்டுப் போகலாமே என்று சுனிதாவுக்கு ஆசை வராமல் இல்லை. வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் ஒரு பொய்யால் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை.

"ரெண்டுமே பொய் மேடம். கமிஷன் ஒரு பைசா வாங்கினதில்ல. ஆனா வண்டி லேட்டாயிருக்கு. மாரத்தஹள்ளில தண்ணி நின்னுடுச்சின்னா எந்த ரூட்டு போட்டும் பிரயோஜனமில்ல. அப்ப வண்டில இருக்கறவங்க வீட்டுக்கெல்லாம் போன் பண்ணி, 'லேட்டாவும், பயப்படாதீங்க'ன்னு சொல்லுவேன். என்னால ஆனது அவ்ளோதான்."

சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டாள். போச்சு என்றே நினைத்தாள்.

ரமா வாய்விட்டுச் சிரித்தார். மூலை மேசையில் ஒரு போன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது.

"சில்க் போர்டு சிக்னல்ல நம்ம வண்டி மாட்டிக்கிச்சு. வீட்டுக்காரங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, இங்க யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. போய் எடுங்க. இனிமே அது உங்க போன்."