பாய்க்குப் போனால் கூப்பிடக் கூடாது

1

இந்தக் கதை என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். என் அண்ணி நாயைக் குளிப்பாட்டும்போது சொன்னது. நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து நாயின் வயிற்றில் சோப்புத் தேய்த்தபடி சொல்லி முடித்தார். முகம் காட்டாமல் ஒன்றைச் சொல்ல வசதியான வேலை அது.

"எழுதணும்னா எழுதிக்கோங்க தம்பி. என் தப்பை எழுதுங்க. அவளை மட்டும் எழுதாதீங்க."

சரி என்று தலையாட்டினேன். ஆட்டும்போதே மனசுக்குள் அவளை எழுத ஆரம்பித்துவிட்டேன். வெட்கங்கெட்ட தொழில்.

2

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில்...

[வேண்டாம். துக்கம் என்றாலே எனக்கு மழை வந்துவிடும். அன்று நல்ல வெயில்.]

அந்தச் சிறுமியின் கண்களில்...

[எழுதாதே என்றார்கள். இரண்டாவது முயற்சியிலேயே கண்ணுக்குப் போய்விட்டேன்.]

நாயிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது ஆட்சேபிக்காது.

3

நாயின் பெயர் மேனேஜர். எந்நேரமும் தூங்கும், யாராவது உள்ளே வந்தால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்க்கும், அதனால் அண்ணன் வைத்த பெயர். (அண்ணன் அப்போது ஒரு மேனேஜரிடம்தான் வேலை பார்த்தார். கதைக்கு இது தேவையில்லை. ஆனாலும் இருக்கட்டும்.)

பெரியவர்களிடம் அடியும் அதைவிட மோசமானதும் பட்டு மீண்டுவரும் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றுக்கு அண்ணி வாராவாரம் மேனேஜரைக் கூட்டிப்போவார். குழந்தை அதைத் தடவும், சாய்ந்துகொள்ளும், இல்லையென்றால் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். என்ன நடந்தது என்று அந்த அறையில் யாரும் கேட்பதில்லை.

அறைக்கு ஒரே ஒரு சட்டம்தான். மூலையில் மேனேஜரின் பாய் கிடக்கும். போதும் என்று தோன்றினால் அது எழுந்து அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். பாய்க்குப் போய்விட்டால் யாரும் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது. அண்ணிக்கும் சேர்த்துத்தான் சட்டம். புதிதாக வரும் ஒவ்வொரு குழந்தையிடமும் அவர் இதைச் சொல்லிவிடுவார்.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி (மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணி, அவள் இல்லாமல் கதை நகர மாட்டேன் என்கிறது) இதை நம்பவில்லை.

"அது பாட்டுக்கு எழுந்து போயிடலாமா?"

"போகலாம்."

"யாரும் திட்ட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"பெரியவங்க கூப்பிட்டாக்கூட வர வேணாமா?"

"யார் கூப்பிட்டாலும் வர வேணாம் பாப்பா. யாரும் கூப்பிடவும் மாட்டாங்க."

அதன்பிறகு வாரக்கணக்கில் அவள் நாயைத் தொடவே இல்லை. கதவோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது எப்போது பாய்க்குப் போகிறது, போனால் யாராவது கூப்பிடுகிறார்களா என்று. அவளுக்கு நாய் முக்கியமில்லை. அண்ணி சொன்னது உண்மைதானா என்பதுதான் முக்கியம்.

4

ஒருநாள் அவள் கதவோரத்தை விட்டு நகர்ந்து நகர்ந்து வந்தாள். கையை நீட்டினாள். விரல் நுனிக்கும் நாயின் முதுகுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்து மேனேஜர் கொட்டாவி விட்டு, எழுந்து, பாய்க்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

இத்தனை நாள் காத்திருந்து கிடைத்தது இப்படிக் கைநழுவுகிறதே என்று அண்ணிக்கு இருந்தது. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"மேனேஜர், வா."

நன்றாகப் பழகிய நாய். உடனே எழுந்து வந்து சிறுமியின் முன்னால் நின்றது. அவள் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அதுக்கு வேணாம்னுதானே போச்சு?"

"உன் நல்லதுக்குத்தானே பாப்பா நான்..."

இந்த வாக்கியத்தை அண்ணி முடிக்கவில்லை. அதனால் நானும் முடிக்கவில்லை. இதே வார்த்தையை அவள் முன்பே யார் வாயிலிருந்தோ கேட்டிருக்கிறாள் என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் அண்ணிக்குத் தெரிந்துபோயிற்று. காதெல்லாம் சுட்டது, பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது என்றார் அண்ணி. அன்று நாயின் கழுத்தில் வாரை மாட்டக்கூட அவருக்குக் கை வரவில்லை.

5

[முதலில் எழுதியபோது நாயைக் கூப்பிட்டது அண்ணி இல்லை. இல்லத்தைப் பார்வையிட வந்த ஒரு பணக்காரர். எனக்கு ரொம்பச் சௌகரியமாக இருந்தது. அந்த மாதிரி ஆளை யார் வேண்டுமானாலும் திட்டலாம். அண்ணியைத் திட்ட முடியாது, அவர் பாசத்தில் செய்தது. பாசத்தில் செய்ததுதான் இங்கே விஷயமே என்று உறைத்ததும், பணக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.]

6

இனி அவள் வர மாட்டாள் என்றே அண்ணி நினைத்தார். அடுத்த வாரம் வந்தாள். பழையபடி கதவோரம் உட்கார்ந்தாள்.

"போன வாரம் நான் அதைக் கூப்பிட்டிருக்கக் கூடாது. தப்பு என்னோடதுதான்" என்றார் அண்ணி.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? அதுகிட்ட சொல்லுங்க."

அண்ணி மண்டியிட்டு நாயிடம் மன்னிப்புக் கேட்டார். மேனேஜர் அவர் மூக்கை நக்கி வாலை ஆட்டியது. அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிறுமிக்கு வரவில்லை.

"அது நாய். உடனே வாலாட்டிடும். அதை வச்சு எல்லாம் சரியாப் போச்சுன்னு நினைச்சுக்காதீங்க."

"நினைச்சுக்கல பாப்பா."

அவள் அண்ணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, நாயைத் தாண்டி, மூலைக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

7

இதுவரை படித்த பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "எல்லாம் சரிதான்யா. அந்தப் பொண்ணுக்கு என்னதான் நடந்துச்சு? படிக்கிறவனுக்கு அது தெரிய வேணாமா? அவளைப் பேச வைங்க."

வைத்தேன். பாயில் உட்கார்ந்தபடி நாயின் காதுக்குள் அவள் எல்லாவற்றையும் சொன்னாள், ஒரு முழுப் பக்கத்துக்கு. எழுதும்போது என் கண் கலங்கியது. படித்திருந்தால் உங்களுக்கும் கலங்கியிருக்கும். கலங்கிய கையோடு, அடடா, நன்றாக வந்துவிட்டதே என்று எனக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது பாருங்கள், அதைச் சொல்லத்தான் நாக்குக் கூசுகிறது. ஒரு குழந்தை பட்ட பாட்டை வைத்துக்கொண்டு நான்...

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். இன்னொரு முடிவில் மேனேஜர் தானாக நடந்துபோய் அவள் மடியில் தலை வைத்தது. தானாக எங்கே போனது? அனுப்பியது நான். அதையும் கிழித்தேன்.

நடந்தது இவ்வளவுதான். நேரம் முடிந்து, இல்லத்துப் பொறுப்பாளர் கதவைத் தட்டித் தலையை நீட்டினார்.

"அடுத்த பிள்ளை காத்துக்கிட்டு இருக்கு. உள்ள இருக்கிறவளைக் கூப்பிடுங்க."

"கூப்பிட முடியாதுங்க. பாய்ல இருக்கா."

பொறுப்பாளர் மூலையைப் பார்த்தார். அண்ணி நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, அடுத்த பிள்ளையோடு நடைபாதைத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் எப்போது எழுந்து வந்தாள், வந்து என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். அண்ணி சொன்னார். உங்களிடம் சொல்ல மாட்டேன். முடிவு வேண்டுமென்றால் நீங்களே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவளைக் கூப்பிடாமல் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். என்னால் முடியவில்லை. அதனால்தான் பேனாவை மூடுகிறேன்.