கல்லில் மாட்டிய கொக்கி

வின்ச் கம்பியை முழுக்க வெளியே இழுத்து, வாசலில் நீட்டிப் போட்டு, சாண் சாணாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தாண்டவராயன் வந்து நின்றான். எனக்குப் பெரியப்பா மகன். வயதில் மூத்தவன் என்பதால் நேரில் அண்ணே என்பேன். மனசுக்குள் அவன் இவன்தான். கம்பியில் எங்காவது ஒட்டுப் போட்டிருக்கிறார்களா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். புதுப்பேட்டைக் கடைக்காரர் என் கண் முன்னால்தான் பெட்டியைப் பிரித்தார், பில்லும் கொடுத்தார். அப்படியும் எனக்கு மனசு ஆறவில்லை. அவ்வளவு சிரித்துச் சிரித்துப் பேசுகிற மனிதரை எப்படி நம்புவது?

“இன்னாடா இது, வண்டி மூஞ்சில கட்டிக்கினு கீற?” என்றான்.

“வின்ச்சுண்ணே. பேட்டரில ஓடும். வண்டி சேத்துல மாட்டிக்கிச்சின்னா, கொக்கிய எதுலனா மாட்டிட்டு பட்டன அமுக்கனா போதும். தானா இழுத்துக்கினு வெளிய வந்துடும்.”

“எதுலனான்னா, எதுல?”

“மரம் கிரம் இருந்தா, அதுல.”

“நம்ப கயனில ஏதுடா மரம்?” என்று சிரித்துவிட்டுப் போனான்.

அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. எதற்குக் கேட்டான்? மரம் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் நான் வாங்கியிருக்கிறேன் என்றால் வேறு எதற்கோதான் என்று நினைக்கிறானா? மறுநாள் டீக்கடையில், ராத்திரியில் ஏரி மண் அள்ள வருகிற டிராக்டர்களுக்கு ஒத்தாசை செய்யத்தான் பாஸ்கர் இதை வாங்கியிருக்கிறான் என்று பேச்சு. யார் கிளப்பிவிட்டிருப்பார்கள் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உண்மையில் நான் வின்ச் வாங்கியதே அவனால்தான். எங்கள் கழனி காவாந்தண்டலம் ஏரிக்குக் கீழே, தண்ணீர் தேங்கும் பள்ளக்கால். அறுப்பு முடிந்து நெல் ஏற்றும்போது என் பிக்கப் வண்டி ஒவ்வொரு வருஷமும் புதையும். ஒவ்வொரு வருஷமும் அவன் டிராக்டர்தான் வந்து இழுக்கும். காசு வாங்க மாட்டான். அதற்குப் பதிலாக வருஷம் முழுக்க, “நான் மட்டும் இல்லன்னா அவன் நெல்லு அங்கியே மொளச்சிருக்கும்” என்று சொல்லிக்கொண்டு திரிவான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இழுக்கும்போது அவன் டிராக்டர் சக்கரம் எங்கள் ரெண்டு கழனிக்கும் நடு வரப்பில் ஏறி ஓரத்தை நசுக்கும். கேட்டால் வழுக்கிவிட்டது என்பான். எல்லா வருஷமும் சக்கரம் என் பக்கமாகவே வழுக்குமா?

அந்த வரப்பு எங்கள் அப்பாக்கள் பாகம் பிரித்தபோது வந்தது. நடவுக்கு முன்னால் வரப்பு சீவும் நாளில் அவன் மண்வெட்டி போட்டால் நான் போய் நிற்பேன். நான் போட்டால் அவன் வந்து நிற்பான். ரெண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசுவோம், உரம் கிடைக்காததைப் பற்றிப் பேசுவோம், கண் மட்டும் மண்வெட்டி முனையில் இருக்கும். வரப்பு தலைமாட்டில் ஒரு சர்வே கல், உச்சியில் பெருக்கல் குறி. யார் எவ்வளவு சீவினாலும் கல் இருக்கிறது என்று ஒரு தைரியம். இந்த ஊரில் நான் சந்தேகப்படாதது அந்தக் கல் ஒன்றைத்தான்.

வண்டியில் மாட்டிய நாளிலிருந்து சாயங்காலமானால் வாசல் தென்னையில் பெல்ட்டைச் சுற்றி, கொக்கியை மாட்டி, இழுத்துப் பார்ப்பேன். ஒயரோடு இருக்கும் அந்த ரிமோட்டை யார் கையிலும் கொடுத்ததில்லை. என் மனைவி கஸ்தூரி பூண்டு உரித்தபடி பார்த்துக்கொண்டிருப்பாள்.

“எங்கிட்ட ஒருவாட்டி குடுத்தா இன்னா, முயிங்கிடுவனா?”

“ஈரக் கையி. ஷாக் அடிக்கும்” என்றேன். அடிக்காது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

தை மாசத்தில் யாரும் எதிர்பார்க்காத மேகம் அது. அறுப்பு மிஷின் போய்விட்டது. நானும் கஸ்தூரியும் மூட்டைகளை ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போதே ஏரிப்பக்கம் கறுத்துவிட்டது. அவசரத்தில் வண்டியை எடுத்தேன், பின் சக்கரம் சுற்றிச் சுற்றி அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. தார்ப்பாய் வீட்டில். நெல் நனைந்தால் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள், அந்தப் போகமே போச்சு. எதிரே வரப்புக்கு அந்தப்பக்கம், வண்டிப் பாதையில் தாண்டவராயன் டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. அவன் தன் களத்தில் வைக்கோல் வாரிக்கொண்டிருந்தான்.

“மாமாவ கூப்புடுங்க” என்றாள் கஸ்தூரி.

“இத இன்னாத்துக்கு வாங்கினேன்?”

சுற்றிலும் பார்த்தேன். மரம் இல்லைதான். நேர் எதிரே கல் இருந்தது. பெல்ட்டை அதில் சுற்றிக் கொக்கியை மாட்டிவிட்டு ரிமோட்டைக் கையில் எடுத்தேன். அதைப் பார்த்ததும் தாண்டவராயன் வைக்கோலைப் போட்டுவிட்டு வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

“டேய், கல்லுல மாட்டாத. சொல்றன் இல்ல, கயட்டுடா.”

அவன் நடந்து வந்து சொல்லியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பேன். ஓடிவந்தான். கல்லைத் தொட்டால் இவனுக்கு ஏன் இப்படிப் பதறுகிறது? அந்த ஒரு நினைப்பில்தான் பட்டனை அமுக்கினேன்.

கம்பி விறைத்தது. மோட்டார் உறுமியது. வண்டி ஒரு இம்மிகூட நகரவில்லை. கல் லேசாகத் தலை சாய்ந்தது, அப்புறம் முள்ளங்கி மாதிரி வெளியே வந்து விழுந்தது. முக்கால் பாகம் மண்ணுக்குள் இருக்க வேண்டிய கல், வெளியே தெரிந்த அளவுக்கு மேல் கொஞ்சம்தான் இருந்தது. குழிக்குள் கல்லைச் சுற்றிச் செங்கல் துண்டுகளை இடுக்கி வைத்திருந்தார்கள். சர்க்கார் நட்ட கல்லுக்கு யாரும் செங்கல் முட்டுக் கொடுப்பதில்லை.

குனிந்து ஒரு செங்கல் துண்டை எடுத்துப் பார்த்தேன்.

“இது எப்பயோ நவுத்தி வெச்ச கல்லுண்ணே.”

“உங்க நைனா நவுத்தியிருப்பாரு.”

“ஏன், பெரீப்பா நவுத்தியிருக்க மாட்டாரா? நீ ஏன் மாட்டாதன்னு ஓடியாந்த? உனுக்குத் தெரியும்.”

“கல்லு பேந்துச்சின்னா நான்தான் புடுங்கிட்டன்னு ஊரெல்லாம் சொல்லுவியே, அதுக்கு ஓடியாந்தன்.”

அது நிஜமாகக்கூட இருக்கலாம். அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

முதல் தூறல் விழுந்தது. குழியில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது, ஓரத்து மண் கரைந்து உள்ளே சரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் குழி எது சேறு எது என்று தெரியாமல் போய்விடும். பொய்யான கல்லோ மெய்யான கல்லோ, அது நின்ற இடமாவது தெரிய வேண்டும். தாண்டவராயனுக்கும் அதே எண்ணம் வந்திருக்க வேண்டும். சட்டென்று ஒரு காலைத் தூக்கிக் குழிக்குள் வைத்தான். அவன் காலை வைத்தால் குழி அவன் பக்கமா அகலும்? என் பக்கம்தானே. ரிமோட்டைப் போட்டுவிட்டு நானும் ஒரு காலை வைத்தேன்.

“நெல்லு நனையிது” என்றாள் கஸ்தூரி.

“நீ போய் டிராக்டர எடுண்ணே.”

“நான் போனதும் நீ குயிய நவுத்துவ. நீ போய் எடு, சாவி வண்டிலயே கீது.”

நான் போவேனா?

கஸ்தூரி எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கல்லிலிருந்து பெல்ட்டை உருவினாள். வின்ச் பக்கத்தில் போய், நான் சாயங்காலங்களில் திருப்புவேனே, அந்தப் பிடியைத் திருப்பிக் கம்பியை விடுவித்தாள். கொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, டிராக்டரின் பின்பக்கம் மாட்டி அதன் பிரேக்கையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். சேற்றில் கிடந்த ரிமோட்டை எடுத்துப் புடவையில் துடைத்தாள். இன்னொரு கையை வண்டி ஜன்னலுக்குள் விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு கையும் ஈரம்.

மோட்டார் மறுபடி உறுமியது. கம்பி சேற்றிலிருந்து எழுந்து எங்கள் முழங்கால் ஓரமாக விறைத்து நின்றது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி மேலே ஏறியது. மூட்டைகளோடு, மெதுவாக, நேராக டிராக்டரைப் பார்த்து வந்தது. அந்த வழியில்தான் குழி இருந்தது.

“தள்ளுங்க ரெண்டு பேரும்” என்றாள். பட்டனிலிருந்து கட்டைவிரலை எடுக்கவில்லை.

கலங்கல் தண்ணீருக்குள் அவன் விரல்கள் என் விரல்களை இடித்தன. முன் சக்கரம் சேற்றை ரெண்டு பக்கமும் பிதுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தது. தாண்டவராயன் சக்கரத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முதலில் எடுக்கட்டும் என்று நானும் அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.