சுவருக்குள் வயதேறிய முகம்

நகரம் கத்தோலிக்கத்தை விட்டுப் புது மார்க்கத்துக்கு மாறிய வருஷம், பெரிய தேவாலயத்துக்கு வெள்ளையடிக்கும் வேலை கெர்பிராண்டுக்குக் கிடைத்தது. ஸ்பெயின் ராஜாவின் ஆட்கள் படகேறிப் போய்விட்டார்கள். பழைய குருமார்களும் அவர்கள் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். சிலைகளை இறக்கி உடைத்தாகிவிட்டது. சுவர்களில் இருந்த சித்திரங்கள்தான் மிச்சம். கடவுளின் வீட்டில் கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்குத்தான் வேலை என்று புதுப் போதகர் வால்ராவன் சொல்லிவிட்டார்.

கெர்பிராண்ட் கை தேர்ந்த கொத்தனார். பரலோகத்தையும் நரகத்தையும் ஒரே வாரத்தில் மூடி முடித்தான். வடக்குச் சுவரில் இருந்த புனித பார்பராவைக் கடைசிக்கு விட்டுவைத்திருந்தான். ஆள் உயரப் படம். கையில் ஒரு சிறிய கோபுரம், வானத்தைப் பார்த்த கண்கள். அதை வரைந்த ஓவியன் ஊர்ப் பெண் ஒருத்தியை நிறுத்தி வைத்துத்தான் வரைந்தான். அவள் அலெய்ட், கெர்பிராண்டின் மனைவி ஃபெம்மாவுக்குத் தங்கை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. படம் முடிந்த அதே வருஷம் கொள்ளைநோயில் போய்விட்டாள். அது நடந்து பத்து வருஷம் ஆகிறது.

முகத்தின் மேல் சுண்ணாம்பு மட்டையை இழுத்தபோது அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கத்தின் நடுவே, வெள்ளைச் சுவரில் பழுப்பாக ஒரு கறை தெரிந்தது. அதற்கடுத்த ஞாயிறு அது இரண்டு கண்ணாக இருந்தது. அதற்கும் அடுத்த ஞாயிறு மூக்கும் வாயும் வந்துவிட்டன. கோபுரம் வரவில்லை, உடுப்பு வரவில்லை. முகம் மட்டும்.

"கெர்பிராண்ட், நீ அடிச்சது சுண்ணாம்பா, மோரா?" என்று கேட்டார் போதகர்.

"நல்ல சுண்ணாம்புதான், போதகரே. அடியில எண்ணெய் வர்ணம். அது ஒட்ட விடாது. இன்னொரு பூச்சு குடுத்துர்றேன்."

"குடு. சனங்க வசனத்தக் கேக்க மாட்டேங்குறாங்க, சுவத்தையே பாக்குறாங்க. நேத்து மீன்காரி முழங்கால் போட்டுட்டா."

இரண்டாம் பூச்சில் பசை கலந்து கெட்டியாக அடித்தான். பதினோரு நாளில் முகம் திரும்ப வந்தது. இந்த முறை கண்கள் வானத்தைப் பார்க்கவில்லை. கீழே, பெஞ்சுகளைப் பார்த்தன. ஈரம் ஏறினால் சாயம் வழியத்தான் செய்யும் என்று அவன் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். ஆனால் அடுத்த ஞாயிறு ஃபெம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தூணுக்கு அந்தப் பக்கப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

மூன்றாம் பூச்சுக்குப் பிறகு கண்கள் தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பியிருந்தன.

ஃபெம்மா பயந்ததாகத் தெரியவில்லை. வார நாட்களிலும் சந்தைக்குப் போகிற வழியில் உள்ளே நுழைந்து, கூடையை இடுப்பில் வைத்தபடி சுவர் முன் நிற்க ஆரம்பித்தாள். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், "நீ சரியாப் பாத்தியாய்யா?" என்றாள்.

"எத?"

"வாயோரம் ஒரு கோடு விழுந்திருக்கு. எங்க அம்மாவுக்கு விழுந்த மாதிரியே. கண்ணுக்குக் கீழயும் சதை தொங்குது. படத்துல அவ சின்னப் பொண்ணுய்யா. இது சின்னப் பொண்ணு இல்ல. அவ இருந்திருந்தா இப்ப இருபத்தொம்பது."

கெர்பிராண்ட் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். அவனும் பார்த்திருந்தான். சுண்ணாம்புக்குப் பின்னால் யாரோ வருஷக்கணக்காகக் குடியிருந்து, அங்கேயே வயதாகி, இப்போது எட்டிப் பார்ப்பதைப் போல இருந்தது அந்த முகம்.

நான்காவது பூச்சு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. போதகர் வால்ராவன் பேய் பிசாசை நம்பாதவர். ஆனாலும் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி நிற்க மாட்டாமல், பிரசங்க மேடையில் பக்கவாட்டில் நின்று பேசத் தொடங்கியிருந்தார். "செதுக்கி எடுத்துரு" என்றார். "செங்கல் தெரியுற வரைக்கும். நாளைக்கே."

நவம்பர் மாதம். கால்வாயின் ஓரங்கள் உறைந்திருந்தன. தேவாலயத்துக்குள் வாயைத் திறந்தால் புகை வந்தது. கெர்பிராண்ட் சாரத்தில் ஏறி உளியை வைத்தான். கீழிருந்து தொடங்கினான். முழங்கால், இடுப்பு, தோள் என்று காரை பெயர்ந்து விழுந்தது. கழுத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை. மத்தியானம் ஃபெம்மா ரொட்டியும் உப்பு மீனும் கொண்டு வந்தபோது அவன் உளியைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தான்.

"இறங்கி வந்து சாப்பிடு."

"ஃபெம்மா, ஒண்ணு சொல்லணும். அலெய்ட் வீட்டுக் கதவுல பலகை அடிச்சது நான்தான். நோய் வந்த வீடுகள ஆளோட வச்சு அடைக்க நகரசபை ஆளுங்க கொத்தனார், தச்சன் எல்லாரையும் இழுத்துட்டுப் போனாங்க. எனக்கு அந்தத் தெரு வந்துச்சு. அவ உள்ள நின்னு பேசுனா. எனக்கு ஒண்ணும் இல்ல, அத்தான், வெறும் இருமல்தான்னு சொன்னா. நான் ஆணிய அடிச்சுட்டே இருந்தேன்."

ஃபெம்மா ரொட்டித் துணியை மடித்தாள். திரும்பப் பிரித்தாள்.

"தெரியும்" என்றாள். "உன் சுத்தியல் சத்தம் எனக்குத் தெரியாதா? நான் தெருமுனையிலதான் நின்னேன்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"எப்படிக் கேப்பேன்? அந்த வீட்டுல இருமல் கேக்குதுன்னு காவல்காரங்ககிட்ட போய்ச் சொன்னதே நான்தானே. அப்ப என் வயித்துல புள்ள. பயந்துட்டேன்யா. அந்தப் புள்ளயும் தங்கல."

பிறகு ஃபெம்மா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். "எடு" என்றாள். "உள்ள அடைச்சு வச்சது போதும்."

அவன் உளியைத் தாடையோரம் வைத்து ஒரே அடி அடித்தான். முகம் முழுசாக, ஒரு தட்டுப் போலப் பெயர்ந்து கீழே விழுந்து நொறுங்கியது. அந்த இடத்திலிருந்து வாசனை வந்தது. கொள்ளைநோய் கண்ட வீடுகளில் போடுவார்களே, அந்த ஜூனிப்பர் தழைப் புகையின் வாசனை. ஊரில் அந்தப் புகை போட்டுப் பல வருஷமாகியிருந்தது.

ஃபெம்மா செங்கலில் உள்ளங்கையை வைத்தாள். உடனே அவன் கையையும் இழுத்து வைத்தாள்.

சுற்றியிருந்த கல்லெல்லாம் பனியாய்ச் சில்லிட்டிருந்தது. முகம் இருந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரியின் நெற்றியைத் தொட்டது போல. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. சூடு மெல்ல மெல்லக் குறைந்தது. கடைசியில் அதுவும் மற்ற கல்லைப் போலவே ஆனது. அதற்குப் பிறகுதான் ஃபெம்மா அழுதாள்.

அடுத்த மாதம் அந்த இடத்தில் பத்துக் கட்டளைகளைத் தங்க எழுத்தில் எழுதிய கறுப்பு மரப்பலகை ஒன்றை மாட்டினார்கள். முகம் அப்புறம் வரவில்லை. போதகர் பழையபடி நேராக நின்று பிரசங்கம் செய்தார். மீன்காரி மட்டும் பலகையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

பலகை மாட்டிய அன்று சாயங்காலம் அடுப்படியில் ஃபெம்மா கேட்டாள்: "அவ கதவத் தட்டுனாளா?"

"தட்டுனா."

"எப்படித் தட்டுனா? எனக்குக் கேக்கல. தெருமுனைக்கு உன் சுத்தியல் சத்தம்தான் வந்துச்சு."

கெர்பிராண்ட் விரல்களை மடக்கி மேஜைமேல் மெதுவாகத் தட்டிக் காட்டினான்.

ஃபெம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இன்னொரு தடவ" என்றாள்.

அவன் தட்டினான்.