பின்னால் நின்றவள்

ஆடும்போது கொக்கின் முகம் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கணக்கு வராத பிள்ளை பரீட்சை எழுதுவது மாதிரி இருந்தாள். இத்தனை வருடம் இது தெரியாமல் போயிற்றே என்று சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா அது?

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நாங்கள் இறகுப்பந்தில் ஜோடி. அவள் நெட்டை. வலைக்குப் பக்கத்தில் மீனுக்குக் காத்திருப்பது போல அசையாமல் நிற்பாள், அதனால் கொக்கு. நான் பின்னால் நின்று அடிப்பவள். பின்னால் நிற்பவளுக்குப் பார்க்கக் கிடைப்பதெல்லாம் முன்னால் நிற்பவளின் முதுகுதான். தோள் இறங்கினால் களைத்துவிட்டாள், பின்னலை உதறினால் கோபமாக இருக்கிறாள். முன்னால் நிற்பவளுக்கோ திரும்பிப் பார்க்க நேரமே இருக்காது. அவள் எட்டி அடிக்கப் போகிற பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி விழும் என்று எனக்குப் பட்டால், “விடு!” என்று கத்துவேன். கொக்கு அந்த நொடியே ராக்கெட்டை இறக்கிவிடுவாள். ஏன் எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர்கூட என் பேச்சை அப்படிக் கேட்டது கிடையாது.

எங்களுக்கு வயது ஏறிக்கொண்டிருப்பது தேர்வுக் குழுவின் கண்ணில் பட்டது. பழையவர்களையும் புதியவர்களையும் கலந்து ஆடவிட்டுப் பார்க்கலாம் என்று எங்களைப் பிரித்தார்கள். என்னோடு துறுதுறுவென்று ஓடும் சின்னப் பெண் ஒருத்தியைச் சேர்த்தார்கள். அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தேன். கொக்குக்கும் அதே போல ஒருத்தி கிடைத்தாள். உலகப் போட்டிக்கு ஒரே ஒரு ஜோடிதான் போகலாம். தகுதி ஆட்டங்கள் எல்லாம் முடிந்து கடைசியில் எதிரெதிரே வந்து நின்றது நாங்கள்தான். நானும் சரி, அவளும் சரி, இதுவரை அங்கே போனதில்லை. என் முழங்காலைப் பார்த்த டாக்டர் அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்றுவிட்டார். எனக்குப் போக வேண்டும். கூச்சமில்லாமல் சொல்கிறேன், சின்னக் குழந்தை பொம்மை கேட்டு அடம்பிடிப்பது போல ஆசைப்பட்டேன்.

அன்று காலையில் அம்மா என் சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே புலம்பினாள்.

“நான் யாருக்குடி வேண்டிக்கிறது? எனக்கு நீங்க ரெண்டு பேரும் ரெண்டு கண்ணு.”

“பெத்தது என்னைத்தாம்மா.”

“அது சரி. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறது அவதானே.”

காற்று வந்தால் பந்து திசைமாறும் என்று ஆட்டக்கூடத்தின் ஜன்னல்களை எல்லாம் அடைத்து, மின்விசிறிகளையும் நிறுத்திவிடுவார்கள். உள்ளே பகலா இரவா என்று தெரியாது. வெளிச்சம் மேலேயிருந்து பாலாக வழியும். கொஞ்ச நேரம் ஆடினால் கைதட்டல்கூடத் தண்ணீருக்கு அடியில் கேட்பது போலத்தான் கேட்கும். எனக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். அதிலும் இதே கூடம், இதே வெளிச்சம். பந்து மட்டும் கீழே விழாது. எனக்கு முன்னால் கொக்கின் முதுகு அசைந்துகொண்டே இருக்கும், இரண்டு பேரும் வியர்க்காமல் ஆடிக்கொண்டே இருப்போம். விழித்த பிறகும் வெகுநேரம் கை லேசாக இருக்கும்.

அன்றைய ஆட்டம் மூன்றாவது செட்டுக்குப் போனது. முழங்கால் வலி எப்போதோ மரத்துப் போயிருந்தது. எது கனவு, எது ஆட்டம் என்று பிரித்துப் பார்க்க முடியாத ஒரு மயக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் கொக்கு ஜோடி ஜெயித்துவிடும். அதைத் தடுத்தால் எங்களுக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

பந்து என்னிடம் வந்தது. ஓங்கி அடித்தேன். அடித்த கணமே கையில் தெரிந்துவிட்டது, கொஞ்சம் அதிகம். வலையைத் தாண்டிக் கொக்கின் தலைக்கு மேலே அது எழும்பிப் போனது. அவள் எக்கினாள். நீண்ட கை இன்னும் நீண்டது. தொட்டால் ராக்கெட்டின் விளிம்பில்தான் படும், பட்டு எங்கேயாவது தெறித்துவிடும். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் அந்த வெளிச்சத்தில் வலை எனக்குத் தெரியவே இல்லை. உயர்ந்த அந்தக் கை மட்டும்தான் தெரிந்தது.

“விடு!”

கத்தியது நான்தான்.

ராக்கெட் சட்டென்று இறங்கியது. பந்து ஆற அமரப் போய், பின்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி விழுந்தது.

கொக்கு சிரித்துக்கொண்டே திரும்பினாள், பின்பக்கமாக. நான் சரியாகச் சொன்னபோதெல்லாம் அப்படித்தான் திரும்புவாள், கையில் ஒரு தட்டுத் தட்ட. அங்கே அவளுடைய புது ஜோடிப் பெண் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாள். கொக்கின் நீட்டிய கை அப்படியே நின்றது. அப்புறம் மெல்ல, மிக மெல்ல, வலையின் பக்கம் திரும்பினாள்.

நடுவர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். எதிராளியைக் காப்பாற்றியவளைக் கண்டிக்க அவரிடம் விதி எதுவும் இல்லை போலிருக்கிறது. ஆட்டம் முடிந்தது என்று அறிவித்தார். சுண்டெலி என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“அக்கா, யாருகிட்ட சொன்னீங்க? அக்கா!”

பாவம், அவளுடைய வாய்ப்பையும் சேர்த்துத்தான் நான் கத்திக் கெடுத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மனசு விட்டுப் போயிற்று. உலகப் போட்டிக்கு இனி நான் போகவே போவதில்லை என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது.

கைகுலுக்க வலைக்குப் போனோம். கொக்கு என் கையைப் பிடித்தவள் விடவில்லை. ஜெயித்தவள் மாதிரியே இல்லை அவள்.

“போய் நல்லா ஆடு,” என்றேன்.

“அங்க போனா,” என்றாள், “எனக்கு யாருடி சொல்லுவா?”