வந்தவாசி வழி

"டிரைவர் வச்சுத்தான் அனுப்புவோம்" என்று சம்மந்தியம்மா போனில் சொன்னபோது அமிர்தம் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் குழம்பில் கத்தரிக்காயைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவு பொடியாக நறுக்கிவிட்டாள்.

"கோவிச்சுக்கிடாதீங்க மதினி. வளைகாப்பு முடிஞ்சு ஏழு மாசம் முழுகாம இருக்க புள்ளய வச்சிக்கிட்டு மெட்ராஸ் டிராபிக்குல நீங்க எப்படி ஓட்டிட்டுப் போவீக? நாங்களே ஒரு வாடகைக் கார் சொல்லிருதோம்" என்றார் பேச்சியம்மாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து திருவள்ளூரில் வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பம். நல்ல மனுஷி. மருமகளாகப் போன அமிர்தத்தின் மகள் இளவேனிலை ஒரு குறை சொன்னதில்லை. அக்கறையாகச் சொன்னதால்தான் அமிர்தத்துக்கு இன்னும் சுருக்கென்றது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

அமிர்தம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது நாற்பத்தாறாவது வயதில். பணி ஓய்வு பெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்த ஒரு இன்ஜினியர், கட்டில், பீரோ, ரோஜாத் தொட்டிகளோடு தன் பழைய வேகன்-ஆரையும் விற்றுவிட்டுப் போனார். வாங்கியது புருஷன் சின்னதுரை. முதல் நாளே அதை வாசல் வேப்பமரத்தில் கொண்டுபோய் முட்டிவிட்டு, சாவியை அமிர்தம் கையில் கொடுத்தவர், அப்புறம் அந்த இருக்கைப் பக்கமே போகவில்லை. அமிர்தம் டிரைவிங் பள்ளியில் சேர்ந்து முறையாகக் கற்று, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். ஆனால் ஓட்டியதெல்லாம் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்புக்குள்தான். கோடு போட்ட மாதிரி நேர் ரோடு, இரண்டு பக்கமும் மரம், முனைக்கு முனை ரவுண்டானா, நடுவே எப்போதாவது ஒரு ஷிப்ட் பஸ். எதிர்வீட்டுச் செந்தாமரை சொல்லிச் சிரிப்பாள்: "அக்கா, டவுன்ஷிப் ஆர்ச்சைத் தாண்டி ஓட்டிக் காட்டுங்க பாப்போம். இது குண்டுச்சட்டிக்குள்ள குதிர ஓட்டுறது."

அமிர்தமும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவாள். ஆனால் இந்த விஷயத்தில் அவளால் சிரிக்க முடியவில்லை. அவளைத் தலைப்பிரசவத்துக்கு அவள் அப்பா அழைத்துவந்தது டவுன் பஸ்ஸில். ஊரான் நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போன மனுஷன், அவருக்கு அதற்குமேல் வழியில்லை. உட்கார இடமில்லை, எழுந்து இடம் கொடுக்கவும் ஆளில்லை. வடலூர்வரை ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபடியே வந்தார். அந்த முகம் அவளுக்கு மறக்கவில்லை. தன் மகளைத் தன் காரில், தன் கையால் ஓட்டி அழைத்துவர வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். கைக்கெட்டிய இந்த ஆசையை இன்னொரு டிரைவருக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

சின்னதுரை சாப்பிட்டுக் கைகழுவி வந்து உட்கார்ந்தார். "இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருக்கற? மெட்ராஸ் டிராபிக்குலதான ஓட்டக் கூடாதுன்றாங்க? மெட்ராஸ் பக்கமே போவாம போவலாம்" என்றார்.

அவர் சும்மா சொல்லவில்லை. சுரங்கத்தில் மண்ணைத் தோண்டும் ராட்சதச் சக்கர மெஷின் இருக்கிறதே, ஒரு தெருவையே தூக்கி நிறுத்தியது போலிருக்கும், அது ஓரிடத்தில் வேலை முடிந்தால் அடுத்த இடத்துக்கு நடந்து போகும். மனுஷன் நடக்கும் வேகம்கூட அதற்குக் கிடையாது. அது நடக்கும் நாளுக்கு முன்னால் ஒரு கும்பல் அந்தப் பாதை முழுக்கப் போய்ப் பார்க்கும். எங்கே சரிவு, எங்கே சேறு, எங்கே தலைக்கு மேலே கரண்டு கம்பி என்று பார்த்து, மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரவி வழி செய்துகொடுக்கும். சின்னதுரை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தக் கும்பலில்தான். ஒரு தடவைகூட மெஷின் சாய்ந்ததில்லை என்பதை அவர் தன் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளாத பட்டம் மாதிரி வைத்திருந்தார்.

இப்போது அந்த மூளை முழுவதையும் மகளுக்காக இறக்கினார். போனில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு லாரி ஓட்டும் மச்சான் ராயப்பனைக் கூப்பிட்டு, எந்த ஊரில் ரோடு போட்டிருக்கிறான், எந்தப் பாலம் பாதியில் நிற்கிறது, எங்கே வேகத்தடை உயரம் என்று குடைந்து எடுத்தார். கடைசியில் வழி வந்தது. பண்ருட்டி, விக்கிரவாண்டி, திண்டிவனம். அங்கே சென்னை போகும் பெரிய ரோட்டை விட்டு இடது பக்கம் திரும்பினால் வந்தவாசி, காஞ்சிபுரம், சுங்குவார்சத்திரம், அப்புறம் திருவள்ளூர். தாம்பரமும் கிடையாது, செங்கல்பட்டும் கிடையாது.

"மடியில தண்ணிச் சொம்ப வெச்சிக்கினு போனாக்கூட ஒரு சொட்டு தளும்பாது. நீ ஓட்டு. நான் வழி சொல்றேன்" என்றார்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினார்கள். பண்ருட்டிப் பக்கம் ரோடு வெட்டிப் போட்டிருந்த இடங்களைத் தவிர, அவர் சொன்னதில் ஒரு எழுத்து பிசகவில்லை. ஆர்ச்சைத் தாண்டும்போது அமிர்தத்துக்கு உள்ளங்கை வியர்த்தது. பண்ருட்டி தாண்டியதும் வியர்வை காய்ந்துவிட்டது. திண்டிவனத்தில் இடது பக்கம் திரும்பியபோது, சென்னைப் பக்கம் போகும் வண்டிகளின் நீண்ட வரிசையைப் பார்த்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். வந்தவாசி ரோடு காலியாகக் கிடந்தது. ஏரிக்கரையும் வயலும் புளியமரமுமாக இருந்த வழியில், நான்காவது கியரிலேயே நெடுந்தூரம் போனாள். தன் கைகளையே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். நாற்றுக் கட்டு தூக்கின கை இது, இப்போது பார் என்று சொல்லிக்கொண்டாள். அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, அவ்வளவு பெருமையாக இருந்தது.

திருவள்ளூரில் மாப்பிள்ளை அஸ்வின் வாசலுக்கு ஓடிவந்து, "அத்தை, நீங்களேவா ஓட்டிட்டு வந்தீங்க?" என்று கார் கதவைத் திறந்துவிட்டான். பேச்சியம்மாள் காரை ஒரு சுற்று சுற்றிவந்தார், பெண் பார்க்க வந்தவர் மாதிரி. எங்காவது கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. வேப்பமரத்துக் கீறலைச் சின்னதுரை தன் முதுகால் மறைத்து நின்றுகொண்டார்.

"சரி மதினி, நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றார் பேச்சியம்மாள் கடைசியில். "ஆனா ஒண்ணு. நாளைக்கு ஞாயித்துக்கிழம, நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்ன புள்ள உங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சிரணும். அதுல மட்டும் எனக்கு வாக்குக் குடுங்க."

"நாலு மணிக்கே வூட்டுல இருப்போம்ங்க" என்று அமிர்தம் வாக்குக் கொடுத்தாள்.

மறுநாள் வளைகாப்பு நிறைவாக நடந்தது. இரண்டு கையிலும் முழங்கைவரை கண்ணாடி வளையல்களோடு இளவேனில் பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். பத்தரைக்கே கிளம்பிவிட்டார்கள். காஞ்சிபுரத்தில் முதல் கல்யாண மண்டபம் வந்தது. வாசலில் வாழைமரம், பேனர், ரோட்டில் பாதிவரை நிற்கும் வேன்கள். ஊர்ந்து தாண்டினார்கள். கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அதற்கடுத்து ஊருக்கு ஊர் ஒன்று. வந்தவாசிக்குள் நுழைந்தபோது வண்டி நின்றேவிட்டது. முன்னால் பஸ், பின்னால் டிராக்டர், பக்கத்தில் பட்டுப்புடவைகளை நிரப்பிக்கொண்டு ஒரு வேன். பேண்டு மேளக்காரர்கள் நடுரோட்டில் பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அரைமணி நேரம் போனது. வண்டி நாலு அடி நகர்ந்தது.

"ஏங்க, இன்னிக்கு நாம எதுக்கு வளகாப்பு வெச்சோம்?" என்று அமிர்தம் மெதுவாகக் கேட்டாள்.

"நல்ல நாளு. வளர்பிற முகூர்த்தம், அதான்..." என்ற சின்னதுரை பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

நமக்கு நல்ல நாள் என்றால் ஊருக்கே நல்ல நாள்தானே. மேடு பார்த்தார், பள்ளம் பார்த்தார், பாலம் பார்த்தார், பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மெஷின் நடக்கும் பாதையில் இதுவரை யாரும் கல்யாணம் பண்ணிக்கொண்டதில்லை. அந்த நேரம் பார்த்து அஸ்வின் போன் செய்தான். "மாமா, எங்க இருக்கீங்க? ஃப்ரெண்டு ஒருத்தன் இப்பதான் தாம்பரம் தாண்டிப் போறான், லீவு நாள்ல ரோடு காலியா கெடக்குதாம்." சின்னதுரை, "அப்பிடியா மாப்ள, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு போனைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். நரிக்குப் பயந்து புலி வாயில் விழுந்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அமிர்தம் சிரிக்கவில்லை. கண்ணாடியில் மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இளவேனில் இரண்டு தடவை நகர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாம் தடவை, "ம்மா, காலு மரத்துப்போச்சும்மா. அப்புறம்... பாத்ரூம் வேற போவணும்" என்றாள்.

சுற்றிலும் கடைகள், கூட்டம், திறந்த சாக்கடை. இந்த ரோட்டில் பிள்ளையை எங்கே இறக்குவது? அமிர்தத்துக்கு அந்த டவுன் பஸ் கம்பியின் சில்லிப்பு கையில் தட்டியது. காரும் இருக்கிறது, ஓட்டவும் தெரிகிறது, ஆனாலும் மகள் அதே மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறாள். அந்த நினைப்பில் அவளுக்குக் கோபம் வந்தது. இடது பக்கம் மண்டபத்து வாசலில் ஒருவர் விசில் ஊதி வண்டிகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். அமிர்தம் இண்டிகேட்டரைப் போட்டு, பஸ்ஸுக்கும் வேனுக்கும் நடுவே காரை நுழைத்து, நேராக அந்த வாசலுக்குள் விட்டாள்.

"ஏய், ஏய், யார் கல்யாணம் இது? நமக்கு யாரையும் தெரியாது" என்று சின்னதுரை பதறினார்.

விசில்காரர் குனிந்து கேட்டார். "பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

"புள்ளத்தாச்சி வூடுங்க" என்றாள் அமிர்தம்.

அவர் பின்சீட்டைப் பார்த்தார், வளையல்களைப் பார்த்தார். அடுத்த நிமிடம் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ஒரு அம்மாள் கையில் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார், பெண்ணின் அத்தையாம். எதுவும் விசாரிக்கவில்லை. இளவேனிலைக் கைபிடித்து மணமகள் அறைக்கே அழைத்துப்போனார். திரும்பி வரும்போது நெற்றியில் குங்குமமும் தலையில் பூவும் வைத்திருந்தார்கள். "வளகாப்பு முடிஞ்ச கையோட வந்திருக்கு. மகாலட்சுமி வந்த மாதிரி. சாப்புடாம அனுப்பினா எங்களுக்குத்தான் பாவம்" என்று பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். இளவேனில் கால் நீட்ட இன்னொரு நாற்காலி வந்தது. அழைக்காத கல்யாணத்தில் கை நனைக்கக் கூசிக்கொண்டிருந்த சின்னதுரை, இரண்டாவது தடவை பாயசம் வந்தபோது கூச்சத்தை மறந்துபோனார்.

கிளம்பும்போது கல்யாணப் பெண்ணின் தாய் தயங்கித் தயங்கி வந்தார். "தப்பா நெனச்சிக்காதம்மா. உன் கையில இருந்து ரெண்டே ரெண்டு வளையல், எம்பொண்ணு கையில போட்டுவுடறியா?" என்று கேட்டார். இளவேனில் வளையல்களைக் கழற்றி, மாலையும் கழுத்துமாக நின்ற அந்தப் பெண்ணின் கையில் ஏற்றினாள். முன்பின் தெரியாத இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். அமிர்தம் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை எடுக்கப் போனாள்.

திண்டிவனம் வந்து பெரிய ரோட்டைப் பிடித்தபோது மூன்று மணி தாண்டிவிட்டது. சின்னதுரை கடிகாரத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "கொஞ்சம் அழுத்தினா புடிச்சிடலாம். வாக்குக் குடுத்துட்டோமே" என்றார். ரோடு அகலமாக, ஓட்டு ஓட்டு என்று கிடந்தது. அமிர்தத்தின் கால் ஒருமுறை அழுத்தவும் பார்த்தது. பண்ருட்டிப் பக்கம் வேலை நடக்கும் இடங்களில் ரோடு வெட்டி வெட்டிப் போட்டிருப்பதை நேற்றே பார்த்திருந்தாள். காலைத் தளர்த்திக்கொண்டாள்.

"ராகு காலம் வந்தா வந்துட்டுப் போவுது. எம்புள்ள குலுங்கக் கூடாது" என்றாள். "அவங்க இன்னா கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன்."

ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு வேகத்தடையையும் ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்கி வந்தாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், சிலர் திரும்பிப் பார்த்துத் திட்டிவிட்டும் போனார்கள். அவள் காதில் வாங்கவில்லை. டவுன்ஷிப்புக்குள் நுழையும்போது ஐந்து மணி ஆகப் போகிறது. நடு ராகு காலம். பேச்சியம்மாளிடமிருந்து போன் வந்தது. சின்னதுரை ஸ்பீக்கரில் போட்டு, அமிர்தத்தின் பக்கம் நீட்டினார்.

"வீட்டுக்குள்ள போயாச்சா மதினி?"

"இல்லங்க. வழியில லேட்டாயிடுச்சி. மெதுவா ஓட்டுனேன், குடுத்த வாக்கக் காப்பாத்த முடியல" என்றாள் அமிர்தம். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், ஆனால் தலையைத் தாழ்த்தவில்லை. "ஆறு மணி தாண்டித்தான் வூட்டுக்குள்ள கூட்டிக்கினு போவேன்."

"புள்ள என்ன செய்யுதா?"

"தூங்குதுங்க."

"தூங்குதாளா? கார்லயா?" பேச்சியம்மாளின் குரல் மாறியது. "எம்மவன் ஓட்டும்போது இவ ஒருநாளும் கண்ண மூட மாட்டாளே மதினி. பிரேக்கு பிரேக்குன்னு அவளும் கூடவே கால அழுத்திக்கிட்டுல்ல வருவா." பிறகு, போனிலேயே பிள்ளை விழித்துவிடுமோ என்பது போல மெல்லச் சொன்னார்: "எழுப்பாதீக. அவளா முழிக்கட்டும்."

போன் அணைந்தது. சின்னதுரை மனைவியைப் பார்த்தார். அவளை அவர் முதல் தடவை பார்ப்பது போலிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், "அந்த மரத்தடியில நிறுத்திக்கினு உக்காரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"நிறுத்தினா முழிச்சிக்கும்" என்றாள் அமிர்தம்.

வீடு இருக்கும் தெருவைத் தாண்டி நேரே போனாள். ஞாயிற்றுக்கிழமை மாலை, டவுன்ஷிப் ரோடுகளில் பிள்ளைகளோடு நடந்து போகிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள், வேலை முடிந்து சைக்கிளில் திரும்புகிறவர்கள். மரங்களின் நிழல் ரோட்டைத் தாண்டி விழுந்திருந்தது. ஒரு கடை வாசலில் நின்ற செந்தாமரை காரைப் பார்த்துவிட்டு, "அக்கா! வந்துட்டீங்களா? எப்பிடி ஓட்டுனீங்க?" என்று கத்திக்கொண்டே ஓடிவந்தாள். அமிர்தம் ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டுத் தாண்டிப் போனாள். ரவுண்டானாவில் அவள் ஸ்டியரிங்கை ஒடித்தபோது பின்சீட்டில் வளையல்கள் லேசாகச் சரிந்து, மறுபடி அதே இடத்தில் அடங்கின. இளவேனில் வாய் திறந்து, குழந்தையைப் போலத் தூங்கிக்கொண்டிருந்தாள். அமிர்தம் இரண்டாவது கியரில் அடுத்த சுற்றுக்குத் திரும்பினாள்.